யாருக்கும் சொல்லாதீங்கக்கா

ஜூன் 2, செவ்வாய்

எங்கள் வார்டின் ஆறு டயாலிசிஸ் மிஷினில் ஒன்று காலையிலேயே படுத்துவிட்டது. இரண்டு பேரை மதியத்துக்குத் தள்ளி, அவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்துக் கிடப்பவர்கள் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. செருப்பு வார் பதிந்த தடம் இன்னும் போகவில்லை.

இரண்டரைக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் சுருதி நின்றுகொண்டிருந்தான். எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவன். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் 'ம்ம்ம்' என்று இழுத்துச் சுருதி பிடிப்பான், அதனால் அந்தப் பெயர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு வேலை நேரத்தில் இங்கே என்ன வேலை என்று நினைத்தேன்.

"அக்கா, மறுபடியும் தொட்டுட்டேன்" என்றான்.

ஒன்பது வருடமாகக் குடிக்காதவன். அவன் குடித்த காலமும் விட்ட கதையும் சபைக்கே மனப்பாடம். சாட்சி சொல்லி எங்களை அழவைத்திருக்கிறான். "நாலு நாளாச்சு. வீட்டுல தெரியாது. யாருக்கும் சொல்லாதீங்கக்கா. எனக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்றான்.

என்னிடம் வந்ததில் ஆச்சரியமில்லை. சபைச் செயலாளர் நான். ஜெபக் குழுவும் என் பொறுப்பு. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் நான்தான் போனில் குழுவுக்குக் குறிப்பு போடுவேன், நூற்றுப் பத்துப் பேர் ஜெபிப்பார்கள். "சரிப்பா, கண்டிப்பா பண்றேன்" என்றேன். பஸ் வந்தது. உட்கார இடமும் இருந்தது. ஏறிவிட்டேன்.

நாளை அவனுக்கு போன் செய்ய வேண்டும்.

ஜூன் 3, புதன்

வார்டில் என்னோடு இருக்கும் சின்ன சிஸ்டர் லீவு. அவள் வேலையும் என் தலையில். எழுதத் தெம்பில்லை.

ஜூன் 6, சனி

யாருக்கோ போன் செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து ஒரு நினைப்பு. யாருக்கென்று வரவில்லை. மத்தியானம் படுத்தவள் ஐந்தரைக்குத்தான் எழுந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

எப்படி எழுதுவது.

இரண்டாவது பாட்டு. சுருதி படியேறி மைக் முன்னால் நின்றான். 'ம்ம்ம்' என்றான், அது எங்கோ பாதாளத்தில் போய் நின்றது. பாடகர் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், ஜலதோஷம் என்று நினைத்து. அவன் மறுபடி தொடங்கினான், வரி மறந்தது. மைக் கம்பியைப் பிடித்தான். கம்பியும் அவனுமாகப் படியிலிருந்து முன்வரிசைக்கு முன்னால் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே வாந்தி. மைக் அணையவில்லை. அவன் சொன்ன கெட்ட வார்த்தை ஆறு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

அவன் மனைவி நடுவழியில் நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்தாள். மூக்குக்கண்ணாடியைப் பொறுக்கித் தன் புடவையில் துடைத்து அவனுக்கு மாட்டிவிட்டு, தோளைத் தாங்கி வெளியே கூட்டிப்போனாள். போதகர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டோம். கதவைத் திறந்துவிடக்கூட ஒருவரும் எழவில்லை.

வாரா வாரம் ஆராதனையை நேரலையாகப் போடுகிறோம். கேமராவையும் யாரும் நிறுத்தவில்லை.

இப்போதுதான் நினைவு வருகிறது. போன் செய்ய வேண்டியது இவனுக்குத்தான்.

ஜூன் 15, திங்கள்

இரண்டாவது மிஷினில் இருக்கும் பெரியவர் போனை நீட்டினார். "சிஸ்டர், இது உங்க சர்ச்சுதானே?" யாரோ விழுகிற இடத்தை மட்டும் வெட்டி, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறார்கள். "யானைக்கும் அடி சறுக்கும். பாவம், விடுங்க" என்று அவரே போனை அணைத்துக் கவிழ்த்துவைத்தார். அவர் கோயிலுக்கும் போகிறதில்லை, சபைக்கும் போகிறதில்லை.

வீட்டுக்கு வந்து ஜெபக் குழுவுக்குக் குறிப்பு எழுதினேன். 'ஆராதனையில் தடுமாறிய நம் சகோதரருக்காகவும், பழைய பழக்கத்தின் கட்டிலிருந்து அவர் விடுபடவும், சபையின் நற்பெயருக்காகவும் ஜெபிப்போம்.' தேன் தடவிய குறிப்பு. பழைய பழக்கம் என்று போட்டதும் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் எனக்கு ஏழு போன். "சிஸ்டர், கரெக்டா ஜெபிக்கணும்ல, என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குழுவுக்கு அவர் வைத்த பெயர் 'பரலோகச் செய்திகள்'. இன்று, "தலைப்புச் செய்தி வந்தாச்சா?" என்று கேட்டார். கோபம் வந்தது.

ஜூன் 18, வியாழன்

கமிட்டி. போதகர், மூன்று மூப்பர்கள், நான்.

மூப்பர்களில் பெரியவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட்டு ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பேச்சும் கோர்ட்டு பேச்சுதான். சபை வழக்கத்தைப் படித்துக் காட்டினார். பகிரங்கமாக இடறியவர் பகிரங்கமாக மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும். பிறகு வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். கமிட்டி வைக்கும் கெடு முடியும்வரை திருவிருந்து அப்பமும் இல்லை, பொறுப்பும் இல்லை. எங்களுக்குள் அதற்குக் கதவோரப் பெஞ்சு என்று பெயர். மற்ற நாளில் தெரியாமல் வருகிற விருந்தாளிகூட அங்கே உட்காரமாட்டார்.

போதகர் மெதுவாக, "ஒரே ஒரு நாள் சறுக்கல்தானே, ஒரு மாசம் போதாதா?" என்றார்.

"ஒரே நாள்தானா, இல்ல குடிச்சிக்கிட்டே ஞாயித்துக்கிழமை மேடை ஏறிட்டிருந்தானா? அது யாருக்குத் தெரியும்?" என்றார் கோர்ட்டு ஐயா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. சும்மா காற்றில் விட்ட கேள்வி.

நான் வாயைத் திறந்தேன். "ரெண்டாம் தேதியே எங்கிட்ட வந்து சொன்னான். அப்பவே நாலு நாளாச்சுன்னான்."

ஏன் சொன்னேன்? எனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒரு மாதம் ஆறு மாதமாயிற்று. 'உங்களிடம் சொன்னானே, நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. டீ வந்தது.

ஜூன் 20, சனி

காலையில் அவன் போன்.

"அக்கா, நீங்களா சொன்னீங்க?"

"கமிட்டில கேட்டாங்கப்பா."

"கேட்டாங்களா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி விடுங்க. ஜெபமாவது பண்ணீங்களா?"

"பண்ணேன்" என்றேன்.

பொய். அடிப்பாவி, அதிலுமா பொய்? ஐம்பத்தொரு வயதில், இருபத்தெட்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள், பதினோரு வருடம் ஊருக்கெல்லாம் ஜெபக் குறிப்பு எழுதியவள். ஒருத்தன் நேரில் வந்து கேட்டதற்கு ஒரு நிமிடம் கண் மூடவில்லை.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி வீடியோவைப் பார்த்துவிட்டு அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இதைப் பாடகர் குழுப் பெண் ஒருத்தி சொன்னாள், ஜெபக் குறிப்பாக.

ஜூன் 23, செவ்வாய்

மன்னிப்புக் கடிதத்தைச் செயலாளர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், இடறியவர் வாசிப்பார். தானாக எழுதவிட்டால் சாக்குப்போக்கு சொல்வார்கள் என்று அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு. அதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆள் மாறும், வரிகள் மாறாது.

கோப்பில் தேடியபோது எட்டு வருடத்துக்கு முந்தைய கடிதம் வந்தது. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண். அதுவும் என் கையெழுத்து. மூன்று வாரம் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள், நான்காவது வாரம் வரவில்லை. எங்கே இருக்கிறாள், பிள்ளைகுட்டி உண்டா, எதுவும் தெரியாது. தேடவுமில்லை. கெடு முடிந்த தேதியில் கோப்பை மூடி வைத்திருக்கிறேன். அவளுக்கு முன்னால் உட்கார்ந்த இருவரும் அப்படித்தான் போனார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து முன்னால் வந்தவர் ஒருவருமில்லை.

இவனும் போய்விடுவான். போனால் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும்.

பெயரையும் தேதியையும் மாற்றிக் கடிதத்தை டைப் அடித்து முடித்தேன். கோர்ட்டு ஐயா ஒரு எழுத்துப்பிழை திருத்தினார். மற்றபடி சரி என்றார்.

ஜூன் 28, ஞாயிறு

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் சவரக் கத்தி கீறிய இடத்தில் பஞ்சு. வாசித்தான்.

"சபையின் பெயருக்கு இடறலாக நடந்துகொண்ட நான், என் பலவீனத்தை ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து..."

அங்கே நின்றுவிட்டான்.

மாதிரியில் இருந்த வரி. எல்லாக் கடிதத்திலும் இருந்த வரி. அவன் விஷயத்தில் அது பொய் என்று எனக்குத் தெரியும், கமிட்டிக்கும் தெரியும். அடித்தபோது எனக்கு உறைக்கவில்லை, படித்துத் திருத்தியவருக்கும் உறைக்கவில்லை. அவன் தாளிலிருந்து கண்ணை எடுத்தான். என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. 'நான் அக்காகிட்ட சொன்னேன்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்த வரியை மறுபடி முதலிலிருந்து, "ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து" என்று தெளிவாக வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. எழுந்துவிட்டேன்.

"அது பொய். சொன்னாரு. எங்கிட்ட சொன்னாரு. பஸ் ஸ்டாப்புல நின்னு ஜெபம் பண்ணுங்கக்கான்னு கேட்டாரு. நான் பண்ணல. மறந்துட்டேன். சீட்டு கிடைச்சதுன்னு பஸ்ல ஏறிட்டேன். அப்புறம் யாரும் கேக்காமலே கமிட்டில போட்டுக்குடுத்தேன். பண்ணேன்னு அவருகிட்டயே பொய்யும் சொன்னேன். அந்த வரிய எழுதினது நான்தான். அவரு இல்ல."

கோர்ட்டு ஐயா, "இது நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். ஒரு குழந்தை அழுதது, எல்லோருக்கும் அது வசதியாகப் போயிற்று. அவன் கடைசி வரியை வாசித்து, தாளை நாலாக மடித்து, கதவோரப் பெஞ்சுக்குப் போனான். ஆராதனை முடிந்து நான் வெளியே வருவதற்குள் போயிருந்தான்.

மனம் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. வெட்கமாக இருக்கிறது, தலை வலிக்கிறது.

ஜூலை 2, வியாழன்

செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை 'விடுவித்து' கடிதம். ஜெபக் குழுவுக்குக் குறிப்பு போடும் வேலையும் போயிற்று. குழுவில் இருக்கலாமாம், எழுதக் கூடாதாம், ஆமென் போடலாமாம்.

"ஆளுங்கள மேல ஏத்துறதும் கீழ எறக்குறதும் என் வேலை. உங்க சபைக்கு எதுக்கு அது?" என்றார் வீட்டுக்காரர். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

ஜூலை 5, ஞாயிறு

கதவோரப் பெஞ்சு காலி. அவனும் வரவில்லை, மனைவியும் வரவில்லை. முதல் வாரமே.

ஜூலை 7, செவ்வாய்

அவன் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி கதவைக் கால்வாசி திறந்தாள்.

"என்னக்கா, இன்னொரு லெட்டர் எழுதணுமா?"

"இல்லம்மா. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" என்றாள். எனக்கே அது புதிதாகத்தான் இருந்தது. இருபது வருடத்தில் அவர்கள் வீட்டுக்குச் சும்மா போனதில்லை.

உள்ளேயிருந்து அவன் குரல். "போகச் சொல்லு." போய்விட்டேன்.

ஜூலை 9, வியாழன்

மறுபடி போனேன். தண்ணீர் கொடுத்தாள். அவன் வெளியே வரவில்லை.

ஜூலை 11, சனி

போனேன். மாடிப்படி முழங்காலைக் கொன்றுவிடும்.

ஜூலை 14, செவ்வாய்

இன்று அவனே கதவைத் திறந்தான். இளைத்துவிட்டான். எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த ஆறுதல் வசனம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

"ஏன் குடிச்சேன்னு எல்லாரும் கேக்குறாங்க. காரணம் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்க்கா. ஒண்ணுமே இல்ல. அதான் பயமா இருக்கு."

பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "அன்னைக்கு உங்களுக்காக ஒரு மணி நேரம் நின்னேன். நீங்க அடுத்த பஸ்ல போயிருக்கலாம்" என்றான்.

"ஆமாப்பா. போயிருக்கலாம்."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "இப்ப ஜெபம் பண்ணட்டுமா?" என்றேன். தோளைக் குலுக்கினான். பண்ணினேன். மூன்றே வரி.

ஜூலை 19, ஞாயிறு

வந்தார்கள், இருவரும். கதவோரப் பெஞ்சு. அவன் பாட்டில் வாய் திறக்கவில்லை.

போதகர் இன்று, கல்லெறிந்து கொல்ல ஊரார் இழுத்துவந்து நடுவில் நிறுத்திய பெண்ணைப் பற்றிப் பேசினார். அவளை முறைத்துப் பார்க்காமல் இயேசு குனிந்து மண்ணில் எழுதிக்கொண்டிருந்தாரே, அதைப் பற்றி. என்ன எழுதினார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு என்னவோ, எல்லோரும் வெறித்துப் பார்க்கும்போது ஒருவராவது பார்வையைத் தாழ்த்தட்டும் என்று குனிந்திருப்பார் போலிருக்கிறது. பிரசங்கத்தை எல்லோரும் தலையாட்டிக் கேட்டோம். கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சு இருக்கிற வாசலை விட்டு மற்றவர்கள் பக்கக் கதவால் போனார்கள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

மத்தியானம் ஒன்றரைக்கு வார்டில் இருந்தபோது போன். "அக்கா, பாதி குடிச்சுட்டேன். மீதி கையில இருக்கு. வர முடியுமா?"

சின்ன சிஸ்டரிடம் ஓடிக்கொண்டிருந்த நாலு மிஷினையும் காட்டிவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடினேன். மதுக்கடைக்கு எதிரே, ஷட்டர் இறக்கிய கடைப் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில். அவன் பாட்டிலை என் கையில் கொடுத்தான்.

அதைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனேன். அந்த நேரம் பார்த்து எதிரே பஸ் நின்றது. ஜன்னலில் எங்கள் பாடகர் குழுப் பெண். வெள்ளைச் சீருடையில், பட்டப்பகலில், ஒரு கையில் பாட்டில், பக்கத்தில் அவன். கையை ஆட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மனைவி கதவை முழுதாகத் திறந்தாள். "முதல்ல உங்களுக்கா போன் பண்ணார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

குடிக்காமல் எண்ணிவந்த நாளெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. இதை எழுதக் கூடாது, ஆனால் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, புதன்

ஜெபக் குழுவில் புதிய குறிப்பு. 'பெயர் வேண்டாம். மருத்துவமனையில் பணிபுரியும், முன்பு சபையில் பொறுப்பிலிருந்த ஒரு சகோதரி தவறான சகவாசத்திலிருந்து மீள ஜெபிப்போம்.' கீழே நாற்பது கும்பிடு படங்கள். கோர்ட்டு ஐயாவுடையதும் உண்டு.

"பேரு மட்டும்தான் போடல. செருப்பு சைஸைத் தவிர எல்லாம் போட்டிருக்காங்க" என்றார் வீட்டுக்காரர்.

குறிப்பு நன்றாக எழுதப்பட்டிருந்தது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மூன்று தடவை படித்தேன். இத்தனை வருடம் எத்தனை பேர் என் குறிப்பை இப்படிப் படித்திருப்பார்கள்? ஆனால் ஜெபம் தேவையில்லாத ஆளா நான்? ஆமென் என்று போட்டேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அவன் வந்தான். குடிக்காமல் பதின்மூன்று நாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

பார்வையாளர் நேரத்தில் கோர்ட்டு ஐயா வார்டு வாசலில் வந்து நின்றார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று பதறினேன். யாருக்கும் இல்லை என்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"வீட்டுல ஒரு விஷயம்மா. யார்கிட்ட போறதுன்னு தெரியல. நேத்து கால் போன போக்குல நடந்து அவன் வீட்டுக்குத்தான் போனேன். அந்த மூணு மாடி ஏறி." சுருதியைச் சொன்னார். "அவன்தான் உங்ககிட்ட போகச் சொன்னான். அக்காகிட்ட சொல்லுங்க, வெளிய போகாதுன்னான்."

"அவனா சொன்னான்?"

"அவனேதான்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பார்வையைத் தாழ்த்தினார். பிறகு சொன்னார். சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. மூன்றாவது மிஷின் கத்தத் தொடங்கியது, சின்ன சிஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டாள். நான் நகரவில்லை. வாசலிலேயே, கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன்.

அவர் என்ன சொன்னார் என்பதை இந்த நோட்டிலும் எழுதவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்கு போன் செய்தேன். நாளையும் செய்ய வேண்டும்.